டயர் ஊரில் பிறந்த கூட்டம்: ஆக்ரனிலிருந்து ஒரகடம் வரை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஆலை வேலையில் இருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன் கேட்ட இரண்டு கேள்விகளிலிருந்து இந்தக் குறிப்பு தொடங்குகிறது. குடியை விட வேண்டும் என்று முடிவெடுத்தது அவனேதான். டாக்டரைப் பார்த்து, மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று. "ஏ.ஏ. கூட்டம் எங்கயாவது நடந்தா போய் உட்காருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணா, அது எங்க நடக்குது? அங்க போனா கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமா?"

முதல் கேள்விக்குப் பதில் தேடப் போனவன் அந்தக் கூட்டத்தின் வரலாற்றுக்குள் போய்விட்டேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. முதல் கேள்விக்கும் நான் எதிர்பார்க்காத ஒரு பதில் அங்கே இருந்தது. சேர்த்த குறிப்புகளை இங்கே வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்த ஊர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என்று பெரிய டயர் கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. "உலகின் ரப்பர் தலைநகரம்" என்றே அந்த ஊரைச் சொல்வார்கள். ஷிஃப்ட், சங்கு, புகைபோக்கி, வேலை தேடி வெளியூரிலிருந்து வந்த கூட்டம், இதெல்லாம் சேர்ந்த ஊர். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று டயர் ஆலைகள் இருப்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இந்தக் கதை அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

பில் வில்சன் நியூயார்க் பங்குச் சந்தை ஆள். குடியால் தொழிலும் பெயரும் போய், 1934 டிசம்பரில் குடியை நிறுத்தியவர். 1935 மே மாதம் ஆக்ரனுக்கு வந்தார். டயர் தொழிலுக்கு இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டி அது. போட்டியில் தோற்றார். கையில் காசில்லை, ஊரில் தெரிந்தவர் இல்லை, அது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தங்கியிருந்த மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் போட்டார். அவர் கேட்டது உபதேசம் இல்லை, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர். அங்கே இங்கே சுற்றி அந்த அழைப்பு ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது. குட்இயரை நிறுவிய ஃபிராங்க் சைபர்லிங்கின் மருமகள் அவர்.

மறுநாள், மே 12, அவர் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித்தை பில் சந்தித்தார். பாப் அறுவை சிகிச்சை நிபுணர், பல வருடக் குடி. "15 நிமிஷம்தான் இருப்பேன்" என்று சொல்லி வந்தவர் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் ஏராளம். தன் சொந்தக் குடியைப் பற்றி மறைக்காமல் பேசி அவரையும் பேசவைத்த ஆள் பில்தான். நடுவில் பாப் ஒருமுறை வழுக்கினார். பிறகு ஜூன் 10-ஆம் தேதி, ஆபரேஷனுக்குப் போகும் முன் கை நடுங்காமலிருக்க ஒரு பீர் குடித்தார். அதுதான் கடைசி. 1935 ஜூன் 10 ஏ.ஏ.வின் பிறந்த நாளானது இப்படித்தான்.

இருவரும் அப்போது ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவச் சீர்திருத்த இயக்கத்தோடு தொடர்பில் இருந்தார்கள். அதன் தலைவர் ஃபிராங்க் புக்மன். அந்த இயக்கம் ஆக்ரனில் காலூன்றியதும் டயர் வழியாகத்தான். ஹார்வி ஃபயர்ஸ்டோனின் மகன் ஒருவர் அதன் மூலம் குடியிலிருந்து மீண்டதால் 1933-ல் ஃபயர்ஸ்டோனே புக்மனை ஊருக்கு அழைத்தார். பில்லின் நியூயார்க் குழு 1937-ல் ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பிலிருந்து பிரிந்து தனியாக நடக்க ஆரம்பித்தது. 1939-ல் அவர்கள் போட்ட புத்தகத்தின் தலைப்பே இயக்கத்தின் பெயராகவும் ஆயிற்று.

1937 என்ற இந்த வருடத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1937, அக்டோபர் 1-ஆம் தேதிதான் சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் மதுவுக்கு எதிரான முயற்சி அதற்கும் முந்தையது. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியாரோடு நாகம்மையும் கண்ணம்மாளும் அதில் முன்னால் நின்றார்கள். தன் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே பெரியார் வெட்டிச் சாய்த்தார். 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே "விமோசனம்" என்ற பத்திரிகையை ராஜாஜி நடத்தினார். கல்கி அதில் உதவி ஆசிரியர். சட்டத்தால் இழந்த கள் வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தவரும் ராஜாஜிதான். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. முதல்வர் அப்போது ஓமந்தூரார்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடி தடை, 1981-ல் மறுபடி திறப்பு, 1983-ல் டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். கதவைத் திற, கதவை மூடு என்று அரை நூற்றாண்டு போயிருக்கிறது.

இந்த வரலாற்றை மொத்தமாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. இதில் தலைவர்கள் பேசுகிறார்கள். பத்திரிகை பேசுகிறது. பாதிக்கப்பட்ட பெண்கள் பேசுகிறார்கள், அதற்கு முழு உரிமையும் அவர்களுக்கு உண்டு. குடிப்பவன் மட்டும் பேசுவதே இல்லை. சட்டத்துக்கு அவன் குற்றவாளி, பிரசாரத்துக்குப் பரிதாபத்துக்குரிய ஏழை, சினிமாவுக்குக் காமெடியன். ஆக்ரனில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே பேசத் தகுதி உள்ள ஒரே ஆள் குடித்தவன்தான். 1937-ல் இரண்டு வழிகள் ஏறக்குறைய ஒன்றாகப் புறப்பட்டன. ஒன்று கடையைப் பார்த்துப் போனது, இன்னொன்று ஆளைப் பார்த்துப் போனது.

இடையில் ஒரு வேடிக்கை. ஆக்ஸ்ஃபோர்டு குரூப் 1938-ல் "மாரல் ரீ-ஆர்மமென்ட்" என்று பெயர் மாற்றிக்கொண்டது. பின்னாளில் இந்தியாவில் அதன் முகமாக இருந்தவர் ராஜ்மோகன் காந்தி. ராஜாஜியின் மகள் வயிற்றுப் பேரன். இரண்டு வழிகளும் ஒரே குடும்பத்தின் வாசலில் சந்தித்தன என்றாலும் கைகோத்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் ஏ.ஏ. வேரூன்றியது 1957-ல், பம்பாயில். தமிழ்நாட்டில் இந்த முறையைப் பலர் அறியச் செய்தது ஒரு மருத்துவமனை. டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் இறந்தார். வயது 33. வெளிநாட்டுச் சிகிச்சையும் பலிக்கவில்லை. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று வந்து, 1980-ல் சென்னையில் கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்வது அதைத்தான். பணக்கார வீட்டிலும் இது வரும், இது ஒழுக்கக்கேடு இல்லை, நோய் என்று ஒரு குடும்பம் வெளிப்படையாகச் சொன்னது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. குடிகாரன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "குடிநோயாளி" என்ற சொல் நம்மிடையே புழங்க ஆரம்பித்ததில் இத்தகைய மையங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர்கள் 1989-ல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் தொடங்கிய முகாம் முறையும் முக்கியம். நோயாளியைச் சென்னைக்கு வரவழைக்காமல் சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். 15 நாள் அங்கேயே தங்கி மருந்து, குழுவாக உட்கார்ந்து பேச்சு, குடும்பத்தாருக்கும் அமர்வு, பிறகு தொடர் சந்திப்பு. ஆளிருக்கும் இடத்துக்குக் கூட்டம் போக வேண்டும் என்ற யோசனை இது. ஒரகடத்துக்கு வரும்போது இதை மறுபடி பார்ப்போம்.

சரி, "கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமா" என்ற கேள்விக்கு வருவோம். ஏ.ஏ.வில் பெயர் சொல்லாமை வந்ததற்கு முதல் காரணமே இந்தப் பயம்தான். 1930-களில் குடிநோயாளி என்று தெரிந்தால் வேலை போகும். கூடவே இன்னொரு காரணமும் உண்டு. பிரபலமான ஒருவர் தன் பெயரோடு ஏ.ஏ.வைப் பரப்பிவிட்டு மறுபடி குடித்தால் இயக்கத்தின் பெயரும் சேர்ந்து கெடும். அனுபவத்தில் கற்ற இந்தப் பாடங்களை 12 மரபுகளாகத் தொகுத்து, 1950-ல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை. வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. வருகைப் பதிவேடு இல்லை, கையெழுத்து இல்லை, ஆதார் அட்டை கேட்பதில்லை. கம்பெனிக்கும் கூட்டத்துக்கும் எந்தக் கடிதப் போக்குவரத்தும் கிடையாது. அதனால் அவனுக்கு நான் சொன்ன பதில்: "நீயா சொன்னாத்தான்டா தெரியும்."

அவனோடு நானும் ஒருநாள் போனேன். வெளியார் வரக்கூடிய "ஓப்பன் மீட்டிங்" என்று ஒன்று உண்டு. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமானது "குளோஸ்டு மீட்டிங்". நாங்கள் போனது முதல் வகை, புறநகரில் ஒரு பள்ளி வகுப்பறை. பெஞ்சுகளை வட்டமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள். ஒருவர் நடத்துகிறார், அவரும் குடித்து நிறுத்தியவர்தான். ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். பேசும்போது குறுக்கே யாரும் பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லை என்றால் பேரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். குடி நிறுத்தி வருடம் முடிந்தவருக்கு அது "பிறந்த நாள்", கைதட்டு உண்டு. கடைசியில் ஒரு பை சுற்றி வருகிறது, அறை வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் அதில் போடுவது. புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அங்கே கேட்ட கதைகளை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது அந்த அறையின் முதல் நாகரிகம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஊர் மாலை. கார்த்திகை மாதம் ஆலை பஸ்ஸில் ஏறினால் கறுப்பு வேட்டி, துளசி மாலையோடு பாதிப் பேர் இருப்பார்கள். வருடம் முழுக்கக் குடித்தவர் அந்த 41 நாள் தொட மாட்டார். எப்படி முடிகிறது? குழு இருக்கிறது, குருசாமி இருக்கிறார், தினசரி ஒழுங்கு இருக்கிறது. மேனேஜரும் ஹெல்ப்பரும் ஒருவரையொருவர் "சாமி" என்றே கூப்பிடுகிறார்கள், பெயர் உதிர்ந்துவிடுகிறது. ஏ.ஏ. அறையில் இருக்கும் அத்தனையும் இதில் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். மாலைக்குக் கழற்றும் நாள் என்று ஒன்று இருக்கிறது, பலர் அந்த நாளையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஏ.ஏ.வில் கணக்கு ஒரே ஒரு நாளுக்கு. இன்றைக்கு மட்டும் குடிக்காமலிரு, நாளைக் கதை நாளைக்கு. கழற்றும் நாள் இல்லாததால் எண்ணவும் ஒன்றுமில்லை.

கடவுள் பேச்சு அதிகமாயிற்றே என்று சிலருக்குத் தயக்கம் வரலாம். 12 படிகளில் கடவுள் வருவது உண்மைதான். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட வகையில் என்று விட்டிருக்கிறார்கள். நாத்திகர்கள் அந்தக் கூட்டத்தையே தம்மைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் வேலை செய்கிறதா? 2020-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. முழுமையாகக் குடியை விடுவதில், முறைப்படி நடத்தப்படும் ஏ.ஏ. சார்ந்த சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக நிற்கிறது என்பது அதன் முடிவு. இந்தியாவின் நிலைமையோ வேறு. 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு உதவி கிடைக்கிறது. மீதி 37 பேர் எங்கே?

அதில் பலர் ஷிஃப்டில் இருக்கிறார்கள். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தபின் தொடங்கி, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லர் என்று இந்தப் பட்டை வளர்ந்தது. பல ஆலைகளில் ஷிஃப்ட் இப்படி: காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6. வாரம் ஒருமுறை மாறும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். டாஸ்மாக் நேரம் பகல் 12 முதல் இரவு 10, ஏறக்குறைய எல்லா நாளும். ஏ.ஏ. கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம் 7 மணி வாக்கில். முதல் ஷிஃப்ட் வாரம் போகலாம். இரண்டாம் ஷிஃப்ட் வாரம் முடியவே முடியாது. நைட் ஷிஃப்ட் வாரம் போனாலும் ஒன்பது மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் நிம்மதியாக உட்கார முடியும். ஆரம்பத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இங்கே அது நடக்கிற காரியமா?

கடையின் தூரத்தைப் பற்றி நாடே பேசியிருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடைகள் ஊருக்குள் நகர, 2017-ல் பல ஊர்களில் பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். ஆனால் கூட்டத்தின் தூரத்தைப் பற்றி யாரும் வழக்குப் போட்டதில்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பில் நின்று, கடை எவ்வளவு தூரம், கூட்டம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதில் தெரிந்துவிடும். இதில் மொழிச் சிக்கல் வேறு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர் தமிழ்க் கூட்டத்தில் எதைப் பேசுவார்?

இங்கேதான் வரலாறு எதிர்பாராத பதிலைத் தந்தது. ஏ.ஏ. மரபுப்படி, குடியை நிறுத்துவதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு. அனுமதி, பதிவு, தலைமை அலுவலகம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆக்ரனில் தொடங்கும்போதும் இரண்டே பேர்தான். 1940-களில் டியூபான்ட், கோடாக் போன்ற அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மீண்டவர்களின் உதவியோடு தொழிலாளர் மீட்புத் திட்டங்கள் தொடங்கின. அங்கெல்லாம் ஷிஃப்டுக்கு ஏற்ற நேரத்தில் கூடுவது புதுமையே இல்லை. காலை 7 மணிக்கு, நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்களுக்கு என்று ஒரு கூட்டம் ஒரகடத்தில் நடக்கலாம். ஒரு ஹாஸ்டல் மொட்டை மாடி போதும். மஞ்சக்குடி காட்டியதும் இதைத்தான். அதுவரைக்கும் வார விடுமுறையில் நகரத்துக் கூட்டம், மற்ற நாளில் போன்வழிக் கூட்டம் என்று கலந்து போகலாம். 2020 ஊரடங்கில் பெருகிய இணையவழிக் கூட்டங்கள் தமிழிலும் ஹிந்தியிலும் தொடர்கின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951-லிருந்தே உண்டு.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், கூடவே கூட்டம். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லா அரசு எண்கள்.

ஆய்வுக் குறிப்பு எழுதுபவனாக எனக்கு ஒரு சங்கடம் பாக்கியிருக்கிறது. டாஸ்மாக்கின் வரலாற்றை எழுதுவது சுலபம். வருடா வருடம் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறார்கள். 2023–24-ல் வருவாய் 45,855 கோடி ரூபாய் என்று அச்சிலேயே இருக்கிறது. கூட்டத்தின் வரலாற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. பதிவேடு வைக்காததுதான் அதன் பலம், அதுவே வரலாற்றாசிரியனுக்குப் பெரிய இடைஞ்சல். எத்தனை பேர் குடிக்காமல் வீட்டுக்குப் போனார்கள் என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. தமிழில் அச்சான பழைய ஏ.ஏ. துண்டறிக்கைகள், 1980-களின் கூட்ட அறிவிப்புகள் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். இடமும் வருடமும் போதும், பெயர்கள் வேண்டாம்.